ஐந்து என்று எழுதிய கை

அந்த ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் போனால் பிசியோதெரபி பிரிவு. அங்கே இருபத்தாறு வருஷமாக வேலை பார்த்தவளை நோயாளிகள் விசாரணை மேடம் என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரேயே ஒன்றிரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்ததில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வந்த முதல் நாள் அவளிடம் வைத்தியம் கிடையாது. கரண்ட் வைப்பாள், நீவி விடுவாள், அரை மணியில் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்து வந்தவனுக்கு ஏமாற்றம்தான். முழுசாக ஒரு மணி நேரம் கேள்வி. எப்போதிலிருந்து வலி? காலையில் அதிகமா, சாயங்காலமா? எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள்? வீட்டில் எத்தனை படி? எந்த வேலையைச் செய்ய முடியாமல் போனதில் உங்களுக்கு ரொம்ப வருத்தம்?

சொல்லப்போனால் விசாரணை அதற்கும் முன்னாலேயே ஆரம்பித்துவிடும். கதவிடுக்கு வழியாக வெளி பெஞ்சைப் பார்ப்பாள். ஆள் எந்தக் கையை ஊன்றி எழுந்திருக்கிறான், செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, கதவுப் பிடியை எந்தக் கை திருகுகிறது, எல்லாம் அவன் உள்ளே வருவதற்குள் குறிப்பில் ஏறிவிடும். பிறகு சட்டையைக் கழற்றச் சொல்லிப் பின்னால் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். நல்ல பக்கம் முதலில், நோவுப் பக்கம் அப்புறம். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, பஞ்சு பட்டால் தெரிகிறதா, ஊசி முனை தெரிகிறதா, சுத்தியால் தட்டினால் கால் எப்படித் துள்ளுகிறது என்று ஒன்று விடாமல் பார்த்து, கடைசியில்தான் தசையின் பலத்துக்கு வருவாள்.

பலத்துக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க். தசையில் ஒரு துடிப்புகூட இல்லையென்றால் பூஜ்யம். கையைத் தானே தூக்க முடிந்தால் மூன்று. தூக்கிய கையை அவள் அழுத்தும்போது கொஞ்சம் தாக்குப்பிடித்தால் நாலு. அவள் முழு பலத்தோடு அழுத்தியும் அசையாமல் நின்றால் ஐந்து. அந்த நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பது அளவுகோல் இல்லை, அழுத்துகிறவரின் கைதான். அதனால் அவள் அந்தக் கையை ஒழுங்காக வைத்திருந்தாள். உடம்பைச் சாய்த்து அழுத்தக் கூடாது, எடையைப் போடக் கூடாது, கை மட்டும்தான் என்பது அவளுடைய சட்டம்.

இந்தச் சட்டத்தைக் கேட்டாலே சிரிப்பவன் ஒருவன் அதே அறையில் இருந்தான். அவளோடு படித்தவன், பக்கத்து மேஜைக்காரன். அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். இவள் ஒருத்தரைப் பார்த்து முடிப்பதற்குள் அவன் ஏழு பேரைப் பார்த்து, டீயும் குடித்திருப்பான்.

"தாயே, அந்த மனுஷனுக்கு முழங்கால் வலி. நீ அவரோட தாத்தா எதுல செத்தார்னு கேட்டுட்டு இருக்க."

"நீ பாக்குறது பரிசோதனையாடா? ரயில் ஜன்னல்ல இருந்து வேடிக்கை பாக்குற மாதிரி இருக்கு."

"என் ஆளுங்களும்தான் நடந்து போறாங்க."

"எங்கே போறாங்கன்னு நீ பாத்தியா?"

இப்படியே இருபத்தாறு வருஷம் ஓடியது. ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்வார்கள், மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

அந்த அறைக்குத்தான் பெயின்டர் வந்தான். மாடிக் கட்டடங்களின் வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கும் பலகையில் நின்று பெயின்ட் அடிக்கிறவன். முப்பத்தைந்து வயது. இரண்டு சக்கர வண்டியிலிருந்து விழுந்ததில் கழுத்து ஒரு பக்கம் இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் நைந்துபோயிருந்தன. வலது கை துவண்டு தொங்கியது. கூட மனைவி வந்திருந்தாள். ஒரு மணி நேர விசாரணை முடிந்ததும் மேடம் கடைசிக் கேள்வியைக் கேட்டாள், எந்த வேலை முடியாததில் ரொம்ப வருத்தம் என்று.

"மேலே போகணும் மேடம். கீழே நின்னு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறதெல்லாம் எனக்கு ஆகாது. ஏழாவது மாடியில நின்னா காத்து வரும் பாருங்க, அதுக்கு ஈடே கிடையாது."

"அஞ்சு வந்தாதான் மேலே. நாலேமுக்கால் வந்தாக்கூட விடமாட்டேன்."

"அப்போ நீங்க சொல்ற வரைக்கும் ஏணியில ரெண்டாவது படிகூட ஏறமாட்டான்" என்று மனைவி சொன்னாள். "நான் பாத்துக்கிறேன்."

எட்டு மாதம் வந்தான். ஒரு நாள் தவறவில்லை. பூஜ்யம் ஒன்றானது, ஒன்று இரண்டானது. மூன்று வந்த அன்றைக்கு எல்லோருக்கும் பன் வாங்கி வந்தான். நாலுக்கு வந்தபிறகு வண்டி நின்றுவிட்டது. இரண்டு மாதம் நாலு, நாலு, நாலு. "என்ன மேடம், எனக்கு மட்டும் பேப்பர் கஷ்டமா இருக்கு?" என்று தினமும் கேட்பான். அவன் கையைப் பிடித்து அழுத்தும்போது அது மெதுவாகக் கீழே இறங்கும். இறங்குவதை அவன் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். அவளுக்கு அந்தக் கண்ணைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் நாலு என்றுதான் எழுதுவாள்.

பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. அப்படித்தான் அவள் நினைத்தாள். அவளிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தேறினார்கள். தோள் உடைந்த தபால்காரருக்கு ஐந்து வந்தது. பக்கவாதம் வந்த தையல்காரம்மாவுக்கு முழங்கையில் ஐந்து. எல்லோரும் முன்னேறுகிறார்கள் என்று வீட்டில் புருஷனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அவர் பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிறவர். எதையும் கொஞ்சம் தாமதமாகத்தான் நம்புவார்.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா? எங்க டிப்போவுல எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்துக்கு வந்துச்சுன்னா என் கடிகாரத்தைத்தான் முதல்ல பாப்பேன்."

"உங்க பஸ்ஸும் என் ஆளுங்களும் ஒண்ணாங்க? பேச வந்துட்டாரு."

அவர் சிரித்துக்கொண்டே ஊறுகாய் பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தார். அந்த மாதம் எந்தப் பாட்டிலும் அவளுக்கு லேசில் திறக்கவில்லை. பீரோ சாவி திரும்பவில்லை, பூட்டுக்கு எண்ணெய் விட்டாள். கோட்டின் மேல் பட்டன் ஓட்டைக்குள் போகவில்லை, தையல் சரியில்லை என்று திட்டினாள். வலி என்று ஒன்று இருந்திருந்தால் அப்போதே பார்த்திருப்பாள். வலியே இல்லை. வலிக்காத இடத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

பெயின்டருக்கு ஐந்து வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. நல்ல கையை அழுத்தினாள், அசையவில்லை. அது என்றைக்கும் ஐந்துதான். வலது கையை அழுத்தினாள். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். பல்லைக் கடித்து, தோள்பட்டை நடுங்கும் வரை அழுத்தினாள். கை கல்லாக நின்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

சும்மா விடுகிறவளா அவள்? பிடியின் பலத்தை கிலோவில் காட்டும் மெஷின் ஒன்று இருந்தது, அதைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். இரண்டு மாதமாகக் காட்டிய அதே பதினெட்டைத்தான் முள் காட்டியது. நல்ல கை நாற்பதைத் தாண்டியது. அவள் தயங்கினாள். போன மாதம்தான் எக்ஸ்பிரஸ் அதைக் கைதவறித் தரையில் போட்டிருந்தான். கீழே விழுந்த மெஷினை நம்புவதா, இருபத்தாறு வருஷமாகப் பொய் சொல்லாத கையை நம்புவதா? மெஷினை அலமாரியில் வைத்துவிட்டு இன்னொரு தடவை அழுத்தினாள். இந்தத் தடவையும் அசையவில்லை.

"அஞ்சு" என்றாள்.

பெயின்டர் கத்திய கத்தில் எக்ஸ்ரே அறைக்காரன் ஓடிவந்து எட்டிப் பார்த்தான். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மேடம் சீட்டில் ஐந்து என்று எழுதி, உயரத்தில் வேலை செய்யலாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்குப் பேனா இரண்டு தடவை விரலிலிருந்து நழுவியது. சந்தோஷத்தில் கை நடுங்குகிறது என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்து மனைவி மட்டும் வந்தாள். வெளி பெஞ்சில் உட்காரவில்லை, நேரே உள்ளே வந்தாள்.

"விழுந்துட்டான் மேடம்."

நாலாவது மாடி. பலகையின் ஒரு பக்கக் கயிறு நழுவியிருக்கிறது. கூட நின்றவன் இரும்புக் கம்பியைப் பிடித்துத் தொங்கித் தப்பித்துவிட்டான். பெயின்டரும் பிடித்தான், வலது கையால்.

"புடிச்சது ஞாபகம் இருக்காம். விட்டது ஞாபகம் இல்லையாம்" என்றாள். "இடுப்புக்குக் கீழே ஒண்ணும் தெரியல. காண்ட்ராக்டர் இவன் அஜாக்கிரதைன்னு சொல்றான். இவனும் படுத்துக்கிட்டு, என் மேலதான் தப்பு, என் மேலதான் தப்புன்னு ஒரே புலம்பல். கைக்குத்தான் ஒண்ணுமில்லன்னு நீங்க சொல்லிட்டீங்களே, அப்புறம் ஏன் மேடம் விட்டான்?"

என்ன சொல்லி அனுப்பினாள் என்று மேடத்துக்கே பிறகு நினைவில்லை. பெயின்டரின் மனைவி போனதும் பழைய குறிப்புகளை எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினாள். போன வருஷம் முழுக்க அவள் ஐந்து போட்டது ஆறே பேருக்குத்தான். இந்த நாலு மாதத்தில் மட்டும் பதினொரு பேருக்கு. மறுநாளே தபால்காரரை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

தபால்காரர் சட்டையைக் கழற்றிக் கையைப் பக்கவாட்டில் தூக்கினார். அழுத்தினாள். அசையவில்லை. ஐந்து, சந்தேகமே இல்லை. அப்பாடா என்று அவள் மூச்சு விட்ட நேரத்தில் எக்ஸ்பிரஸ் அந்தப் பக்கமாகப் போனான். விளையாட்டாக அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டி அழுத்தினான். கை இறங்கிவிட்டது.

"இதுவா அஞ்சு?"

"நீ சாஞ்சு அழுத்துற. எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

"சரி தாயே, சாயல." நிமிர்ந்து நின்று, கையால் மட்டும் அழுத்தினான். கை மறுபடியும் இறங்கியது. "நாலு. நல்ல நாலு. ஆனா அஞ்சு இல்ல."

அவள் அவனைத் தள்ளிவிட்டு வலது கையால் அழுத்தினாள். அசையவில்லை. பிறகு, ஏன் செய்தாள் என்று தெரியாமலே, இந்தப் பக்கம் வந்து நின்று இடது கையால் அழுத்தினாள். தபால்காரரின் கை மெதுவாக, பெயின்டரின் கை இரண்டு மாதம் இறங்கியதைப் போலவே, கீழே இறங்கியது.

எக்ஸ்பிரஸ் அந்தக் கையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மேடம், நான் ஃபெயிலா?" என்று தபால்காரர் கேட்டார்.

அவள் தன் வலது கையை மேஜை விளக்குக்குக் கீழே கொண்டுபோய்த் திருப்பினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் சதை மேடாக இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. அந்தக் குழியை எத்தனை பேர் கையில் தொட்டுப் பார்த்து எழுதியிருப்பாள்! எத்தனை பேர் கையை ஒரு மணி நேரம் பார்த்திருப்பாள்! தினமும் காலையில் சோப்புப் போட்டுக் கழுவிய கையை ஒரு நிமிஷம் பார்க்கவில்லை, பாவி. நோயாளிகள் தேறவில்லை. அவள்தான் இளைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவர்கள் ஒருவரும் ஒரு அங்குலம்கூட ஏறவில்லை, இவள் இறங்கியிருக்கிறாள்.

எக்ஸ்பிரஸ் தபால்காரரை அனுப்பிவிட்டு, வெளியே இருந்த தன் ஆட்களையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினான்.

"உக்காரு. கோட்டைக் கழட்டு."

"வேண்டாம்டா."

"முதல் நாள் வைத்தியம் கிடையாதுன்னு நீதானே சொல்லுவ? பேசாம உக்காரு."

அவளுடைய படிவத்தையே எடுத்தான். முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தான். எப்போதிலிருந்து? பாட்டில், சாவி, பட்டன், பேனா, எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல பக்கம் முதலில் பார்த்தான், நோவுப் பக்கம் அப்புறம். பஞ்சு தெரிந்தது, ஊசி தெரிந்தது. உணர்ச்சியில் ஒரு குறையும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. சுத்தியால் தட்டினான், கை வேண்டாத வேகத்தில் துள்ளியது. மேல்கையில் தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்துக்கொண்டிருந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னான். வெகு நேரம் நாக்கையே பார்த்தான். அந்தத் துடிப்பு நாக்கிலும் இருக்கிறதா என்றுதான் அவன் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

பலத்துக்கு வந்தபோது அவள் விரலை விரித்துப் பிடித்தாள். அவன் அழுத்தினான். விரல் நின்றது.

"நாலு" என்றான்.

"நீ அழுத்தல."

"அழுத்தினேன்."

"உன் நகம் வெளுக்கவே இல்ல. யார்கிட்டடா ஏமாத்துற? ஒழுங்கா அழுத்து."

அவன் அழுத்தினான். விரல் வாடிய தண்டு போல மடிந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக எக்ஸ்பிரஸ் ஒருத்தரை ஒரு மணி நேரம் பரிசோதித்திருந்தான். எழுதி முடித்துப் படிவத்தை அவளிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சினான்.

நரம்பு டாக்டர் பத்து நாள் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, அவர்கள் இரண்டு பேரும் பயந்ததையேதான் சொன்னார். தசையை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வியாதி. ஒரு கையில் ஆரம்பிக்கும், அங்கேயே நிற்காது. மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம், மூன்று வருஷம், சில பேருக்கு அதற்கு மேலும். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, வராத பஸ்ஸை எதிர்பார்க்கிறவர் மாதிரி டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் இருந்த பாட்டில்களின் மூடிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்த்தி வைத்தார். அவளுக்கு அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

ஐந்து போட்ட பதினொரு பேரில் பத்துப் பேரை எக்ஸ்பிரஸ் மறுபடி பார்த்தான். ஒன்பது பேர் நாலு. இனி மிச்சமிருந்தது பெயின்டர். தன் வியாதியைப் பற்றி யோசிக்கக்கூட அவளுக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. தப்பு அவன் மேல் இல்லை, இந்தக் கையின் மேல் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவளால் அவனுக்குக் கொடுக்கக் கூடியது. அதைச் சொல்லாமல் அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்காது.

முதுகெலும்பு வார்டு வேறொரு ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடியில் இருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் அவன் கிடந்தான். போர்வைக்கு அடியில் இரண்டு கால்களும் யாரோ வைத்துவிட்டுப் போன இடத்தில் அப்படியே இருந்தன. மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"மேடம் வந்துட்டாங்க பாரு" என்றாள்.

"வாங்க மேடம். உங்க பேரைக் கெடுத்துட்டேன்" என்றான் அவன்.

"நீங்க கெடுக்கல. நான் சொல்றதைக் கேளுங்க." பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "அன்னைக்கு உங்க கை அஞ்சு இல்ல. நாலுதான். என் கைக்குப் பலம் போயிடுச்சு. அது தெரியாம நான் அழுத்தி, அஞ்சுன்னு எழுதிட்டேன். நீங்க விடல. அந்தக் கையால உங்க உடம்பைத் தாங்கியிருக்கவே முடியாது. தப்பு என்னோடது."

மனைவி அவளைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான், இல்லை என்று.

"சும்மா எனக்காகச் சொல்றீங்க."

"இல்லப்பா. சத்தியமா."

"நாலெல்லாம் இல்ல மேடம். எட்டு மாசம் உழைச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா என் கையை?" அவன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "காலு வராதுன்னு சொல்லிட்டாங்க. சரி. இனிமே படுக்கையில இருந்து நாற்காலிக்கு இந்தக் கையாலதான் போகணும். நாற்காலியை இந்தக் கையாலதான் தள்ளணும். நாலுன்னா நான் எப்படிப் போவேன்? எல்லாத்துக்கும் இவதானே தூக்கணும்? நீங்களே பாருங்க. அழுத்துங்க."

வலது கையைப் பக்கவாட்டில் தூக்கி நீட்டினான். அது லேசாக நடுங்கியது. மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

"வேண்டாம்" என்றாள் மேடம்.

"அழுத்துங்க மேடம். முழு பலத்தோட. அன்னைக்கு மாதிரி."

இடது கையால் அழுத்தினால் இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவன் கண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கும்போது அந்தக் கண் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். வலது கையை அவன் முழங்கைக்கு மேலே வைத்தாள். சாயாமல், எடை போடாமல், தன்னிடம் மிச்சம் இருந்ததை எல்லாம் சேர்த்து அழுத்தினாள். அவன் கை அசையவில்லை.

"என்ன?" என்றான்.

"அஞ்சு" என்றாள்.

அவன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சிரிக்கிறான் என்று அவள் முகமே சொன்னது. "பாத்தியா? நான்தான் சொன்னேனே. அன்னைக்கு நான்தான் பயத்துல விட்டுட்டேன். கை மேல தப்பில்ல, மேடம் மேலயும் தப்பில்ல."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. அவன் தூக்கிய கையை இறக்கி, அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டான்.

"அழாதீங்க மேடம். காலு போனா போகட்டும். கை இருக்குல்ல?"